விலா எலும்பும் அடைத்த கதவும்
பசித்த பிள்ளையை விளம்பரத்தில் காட்டுவது பற்றி

ரமழான் நெருங்க நெருங்க எங்கட கைத்தொலைபேசிகளில் ஒருவகைச் சுவரொட்டிகள் வந்து குவியும். கறுத்த பின்னணியில் ஒரு பிள்ளை. கன்னத்தில் கண்ணீர்க்கோடு, கையில் வெறுந்தட்டு. மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி, கீழே வங்கிக் கணக்கிலக்கம். அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை, உம்மா வாப்பா இருக்கினமா, ஏன் சாப்பாடு இல்லாமல் போனது என்று ஒரு வரியும் இராது. அதே பிள்ளை அடுத்த வருடம் வேறொரு அமைப்பின் சுவரொட்டியிலும் வரும். ஒரு பிள்ளையின் கண்ணீரை எத்தனை பேர் பங்கிட்டுக் கொள்ளுகினம் என்று சில வேளை நினைப்பேன்.

தமிழ் படிப்பிக்கிற எனக்குச் சுவரொட்டியும் ஒரு பனுவல்தான். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யாரைப் பேசவிடவில்லை என்று ஒரு பாட்டில் கேட்கிற கேள்விகளை இதிலும் கேட்கலாம். கவிதையையும் சிறுகதையையும் விமர்சிக்கிற நாங்கள், ஒரு வருடத்தில் அவற்றைவிடக் கூடுதலாக எங்கட கண்ணில் படுகிற இந்த விளம்பரங்களை விமர்சிப்பதில்லை. நல்ல காரியத்துக்குத்தானே செய்கினம், அதில் என்ன குறை பிடிக்கிறது என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிறுவர் மந்தபோசணை பற்றிய விளம்பரங்களை இங்கே வாசித்துப் பார்க்கிறேன்.

தூண்டுதலும் துன்புறுத்தலும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பசிக்காக விளம்பரம் செய்வது எங்கட மார்க்கத்துக்கு அந்நியமான காரியமல்ல. ஸூரா அல்-மாஊன் குறை சொல்வது ஏழைக்கு உணவு கொடுக்காதவனை மட்டுமல்ல, உணவளிக்கும்படி மற்றவரைத் தூண்டாதவனையும்தான். அல்-ஹாக்காவிலும் அல்-ஃபஜ்ரிலும் இதே கருத்து வருகிறது. கொடுக்க வசதியில்லாதவனுக்கும் தூண்டுகிற கடமை உண்டு. ஆகவே சுவரொட்டி வரைகிறவரும் காணொளி எடுக்கிறவரும் ஒரு கடமையைத்தான் செய்கினம்.

ஆனால் அதே குர்ஆன் ஸூரா அல்-பகராவில் இன்னொரு எல்லையைப் போடுகிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும் வாங்கியவரின் மனதை நோகடிப்பதும் தர்மத்தையே பாழாக்கிவிடும். அதே ஸூராவில் சற்றுத் தள்ளி, மானத்தைக் காப்பதற்காக வாய்திறந்து கேட்காத ஏழைகளைப் பற்றியும் வருகிறது. விவரம் தெரியாதவன் அவர்களை வசதியானவர்கள் என்றே நினைத்துவிடுவான். தூண்ட வேண்டும், நோகடிக்கக் கூடாது, கேட்காதவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தர்ம விளம்பரத்தை அளந்து பார்க்க இந்த மூன்றும் போதும். மூன்றாவதைத்தான் நாங்கள் அடிக்கடி மறந்துபோகிறோம். இந்தக் கட்டுரையும் அங்கேதான் போய்ச் சேரப்போகிறது.

படம் பிறந்த கதை

பசித்த பிள்ளையின் படத்தைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டுப் பணம் திரட்டும் வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிவிட்டது. 1919இல் லண்டன் ட்ரஃபல்கார் சதுக்கத்தில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகக் கைதானார். முதலாம் உலகப்போர் நின்ற பிறகும் பிரித்தானியா எதிரி நாடுகள் மீதான கடல் முற்றுகையை எடுக்கவில்லை. அதனால் ஒஸ்திரியாவில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அப்படி மெலிந்துபோன ஒரு பிள்ளையின் படம்தான் அந்தத் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. நீதிமன்றம் ஜெப்புக்கு ஐந்து பவுண் தண்டம் விதித்தது. அவருக்கு எதிராக வழக்கை நடத்திய அரச சட்டத்தரணியே ஐந்து பவுணை எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். அந்த ஆண்டு மே மாதம் உருவான சேவ் த சில்ட்ரன் நிதியத்தின் முதல் நன்கொடையாக அதைச் சொல்லுவார்கள்.

இந்தக் கதையை இப்போது விளம்பரத்துறையினர் பெருமையோடு சொல்லுகினம். அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. ஜெப்பின் பிரசுரத்தில் படம் மட்டும் இருக்கவில்லை. இதற்குக் காரணம் எங்களுடைய முற்றுகை என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அவர் கைதானது, தணிக்கை அனுமதி பெறாமல் அப்படியொரு பிரசுரத்தை வெளியிட்டதற்காக. அந்தப் படம் பார்ப்பவரிடம் இரக்கத்தைக் கேட்டதோடு நிற்கவில்லை. இந்தப் பசியில் உனக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னது. பிறகு வந்த காலத்தில் படம் நிலைத்தது, குற்றச்சாட்டு உதிர்ந்துபோனது.

அந்த உதிர்வு எத்தியோப்பியாவில் நன்றாகத் தெரிகிறது. 1984 ஒக்டோபர் 23ஆம் திகதி கோரெம் என்ற இடத்திலிருந்து பஞ்சக் காட்சிகளை பிபிசி ஒளிபரப்பியது. செய்தி வாசித்தவர் மைக்கேல் பியூர்க். கமராவுக்குப் பின்னால் நின்றவர் நைரோபியில் பிறந்த முஹம்மத் அமீன். உலகில் 400க்கு மேற்பட்ட தொலைக்காட்சி நிலையங்கள் அந்தக் காட்சிகளை வாங்கி ஒளிபரப்பின. அமீனின் படங்களால் உயிர் தப்பியவர்களை எண்ணினால் இந்தத் துறையின் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளில் பாதி வாயடைத்துப்போகும். அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அந்தப் படங்களின் மேல் எழுந்த விளம்பரம் வேறு கதை. டிசம்பரில் பிரித்தானியப் பாடகர்கள் சேர்ந்து வெளியிட்ட நிதிதிரட்டும் பாட்டின் தலைப்பே, இது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டது. நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் அரசமதமான நாடு எத்தியோப்பியா. எங்களுக்கு அது நஜ்ஜாஷி மன்னரின் ஹபஷா, மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்கள் முதல் ஹிஜ்ரத் போய் அடைக்கலம் பெற்ற மண். அடைக்கலம் கொடுத்த வரலாறு உள்ள ஒரு நாடு, அந்தப் பாட்டில் எதுவும் தெரியாத, எதுவும் இல்லாத வெறும் வெளியாகிவிட்டது. வரட்சியோடு சேர்ந்து பஞ்சத்தை வளர்த்த உள்நாட்டுப் போரும் இராணுவ ஆட்சியும் பாட்டுக்குள் வரவில்லை.

இந்தப் பழக்கத்தை 1981லேயே கண்டித்தவர் யோர்கன் லிஸ்னர். தொண்டு நிறுவனங்களோடு பழகிய அவர், பட்டினிப் பிள்ளையின் படத்தைச் சமூக ஆபாசம் என்ற பொருள்பட விமர்சித்தார். ஒரு மனிதனின் உடம்பையும் துயரத்தையும் பிறர் பார்வைக்கு விரித்து வைப்பது என்பது அவர் வாதம். 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டன. கோவை வந்தது, படம் போகவில்லை.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

படச்சட்டத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, வெளியே எதை விட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1993 மார்ச்சில் நியூயோர்க் டைம்ஸில் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற கெவின் கார்ட்டரின் படம் எல்லோருக்கும் தெரியும். சூடானில் நிலத்தில் கவிழ்ந்து கிடக்கும் பிள்ளை, பின்னால் ஒரு பிணந்தின்னிக் கழுகு. உலகம் அதை யாருமற்ற பிள்ளை என்று படித்தது. உற்றுப் பார்த்தால் பிள்ளையின் கையில் உணவு நிலையத்தின் அடையாள வளையம் தெரியும். அதாவது யாரோ அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பதிந்திருக்கிறார்கள். பெற்றோர் உணவு இறக்கிய இடத்தில் நின்றார்கள் என்று கார்ட்டரோடு போன படப்பிடிப்பாளர் பிறகு சொன்னார். சட்டத்துக்கு வெளியே ஒரு தாய் இருந்தாள். அவள் உள்ளே வந்திருந்தால் படம் இவ்வளவு பிரசித்தமாகி இராது.

எங்கட பக்கத்திலும் உதாரணம் உண்டு. இத்தாலியப் படப்பிடிப்பாளர் அலெஸ்ஸியோ மாமோ இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் கிராமத்தவர்களை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். மேசையில் அவர் கொண்டுபோன போலி உணவு. கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு விருப்பமான சாப்பாட்டைக் கனவு காணுங்கள் என்று சொல்லிப் படம் பிடித்தார். 2018 ஜூலையில் உலகப் பத்திரிகைப்பட அமைப்பின் இன்ஸ்டகிராம் பக்கத்தில் அந்தப் படங்கள் வந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. மேற்குலகத்தவரை உணவு விரயம் பற்றிச் சிந்திக்க வைப்பதே நோக்கம் என்று விளக்கம் கொடுத்து அவர் மன்னிப்பும் கேட்டார். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பசித்த பிள்ளைக்கு முன்னால் பிளாஸ்டிக் பழத்தை வைப்பதில் இருக்கிற கொடுமை ஒரு கிராமத்துக் கிழவிக்கும் உடனே விளங்கும். அது அவருக்கு விளங்காமல் போனதற்குக் காரணம், அந்தப் பிள்ளை அவரோடு பேசுகிற ஆளாக அல்லாமல், அவர் வேறு யாருக்கோ சொல்லுகிற செய்தியின் ஒரு பாகமாக இருந்ததுதான்.

இதை நான் தூரத்திலிருந்து எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. படம் எடுக்க ஆட்கள் வரப்போகினம் என்று ஒருநாள் கதை வந்தது. உம்மா எங்கள் மூன்று பேருக்கும் முகம் கழுவி, எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுவிட்டா. வந்தவர் எங்களைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடுத்த கொட்டிலில் சட்டையில்லாமல் மூக்கொழுக நின்ற பெடியனை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த இரண்டு கொட்டில்களிலும் சமைத்தது ஒரே நிவாரண அரிசிதான். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. வந்தவர் கெட்ட மனுசனுமில்லை. ஆனால் பிள்ளையின் தலையை இழுத்துவிட்ட தாய், அந்தப் படத்தின் இலக்கணத்துக்குள் அடங்காத தாயாகிவிட்டாள்.

குமணனிடம் போன பாட்டு

பசித்த பிள்ளையைக் காட்டிப் பொருள் கேட்பது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 164ஆம் பாட்டு அதைத்தான் செய்கிறது. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போகிறார். சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. பிள்ளை தாயின் வற்றிப்போன மார்பைச் சுவைத்துப் பார்த்துப் பாலில்லாமல் அழுகிறது. பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாயின் கண் நிறைகிறது. புலவர் அவளைப் பார்க்கிறார். பிறகு குமணனை நினைத்துப் புறப்படுகிறார். இன்றைய மொழியில் சொன்னால் இது சிறுவர் மந்தபோசணைக்கான ஒரு வேண்டுகோள். பால் வற்றிய தாய்க்கும் போசாக்கு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிற வேண்டுகோள்.

இந்தப் பாட்டையும் மேலே சொன்ன சுவரொட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டில் பிள்ளை தனியே இல்லை. பிள்ளையிலிருந்து தாய்க்கு, தாயிலிருந்து தகப்பனுக்கு, தகப்பனிலிருந்து கொடையாளிக்கு என்று பார்வை கைமாறிப் போகிறது. பேசுகிறவர் அந்தப் பிள்ளையின் தகப்பன். தன் வீட்டு அடுப்பை அவரே திறந்து காட்டுகிறார், வேறொருவர் வந்து திறக்கவில்லை. சுவரொட்டியில் பிள்ளை நேரே எங்களைப் பார்க்கிறது. இடையில் ஒருவரும் இல்லை. இடையில் ஒருவரும் இல்லாதபடியால் அந்தப் பிள்ளைக்கு எல்லாமே நாங்கள்தான் என்ற பொய்யான பெருமை எங்களுக்கு வந்துவிடுகிறது.

160ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அவருடைய மகன் வெறும் பானைகளைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகுது என்று பயங்காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், உன் தகப்பனில் உனக்குள்ள கோபத்தை எப்படிக் காட்டுவாய் என்று கேட்டுப் பராக்காட்டப் பார்க்கிறாள். இந்தப் பிள்ளைக்குக் கோபம் இருக்கிறது. பசிக்கும் பிள்ளைக்குக் கோபமும் பிடிவாதமும் உண்டு என்பதை எந்தச் சுவரொட்டியும் காட்டியதில்லை. அங்கே பிள்ளைக்கு அனுமதித்த உணர்ச்சி ஒன்றே ஒன்று, கெஞ்சல்.

நிலாவைக் காட்டிய அந்தத் தாயைப் படிப்பிக்கும்போது எனக்கு எப்போதும் நினைவு வருவது, வெறும் பானையில் கல்லைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிள்ளைகளை நித்திரையாக்கப் பார்த்த தாயின் சம்பவம். இரவில் ஊர் சுற்றி வந்த கலீஃபா உமர் (ரழி) அவர்கள் அதைக் கண்டு மாவு மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்து கொண்டுவந்த வரலாறு எங்கட மத்ரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பயான்களில் மூட்டை சுமந்ததைத்தான் அழுத்திச் சொல்லுவார்கள். அந்தப் பெண் சொன்னதை அவ்வளவு அழுத்துவதில்லை. முன்னால் நிற்பவர் யாரென்று தெரியாமலே அவள் உமரைப் பற்றி அல்லாஹ்விடம் முறையிடுகிறாள். அவள் பிச்சைக்காரியாகப் பேசவில்லை, உரிமை மறுக்கப்பட்ட குடிமகளாகப் பேசுகிறாள். உமரும் இரக்கத்தில் கொடுக்கவில்லை, கடனைக் கட்டுகிறவர் மாதிரித் தோளில் சுமக்கிறார். செல்வத்தில் கேட்பவனுக்கும் கேட்காதவனுக்கும் உரிமை உண்டு என்று குர்ஆன் சொல்வதன் பொருள் இதுதான்.

சிறுபாணாற்றுப்படையில் வருகிற பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. அவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் அவிக்கிறாள். பிறகு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து தின்னுகிறாள். புறங்கூறுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்ற நாணம். அல்-பகரா சொல்லுகிற, மானத்தால் கேட்காத ஏழை இவள்தான். புலவர் அந்தக் கதவுக்கு உள்ளே எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார், ஆனால் அவள் கதவை ஏன் அடைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறார். வறுமையும் வருகிறது, மானமும் வருகிறது. ஒன்றைக் காட்ட மற்றதைப் பறிக்கவில்லை. இந்தப் பாணி எங்கட கையில் இருக்கும்போது நாங்கள் ஏன் கறுத்த பின்னணிக்கும் கண்ணீர்க்கோட்டுக்கும் போனோம்?

கெட்டிக்கார விளம்பரங்கள்

விலா எலும்பைக் காட்டாமலே பசியைச் சொல்லலாம் என்று விளம்பரத்துறையே செய்து காட்டியிருக்கிறது. 2008இல் தென்னாபிரிக்காவின் ஃபீட் எஸ்.ஏ. என்ற தொண்டு அமைப்புக்காக ஜொஹானஸ்பேர்க் விளம்பர நிறுவனம் ஒன்று செய்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுப்பர்மார்க்கட் ட்ரொலியின் அடித்தட்டில் கையேந்தும் பிள்ளையின் படம். நீங்கள் வாங்கிப் போடுகிற பாணும் பாலும் அந்தக் கைகளில் போய் விழுகிற மாதிரித் தெரியும். பசித்தவனுக்குக் கொடுப்பது இவ்வளவு இலகு என்பது வாசகம்.

யோசனை கெட்டித்தனமானதுதான். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. பிள்ளை இங்கேயும் தனியே கையேந்துகிறது. மற்றது, பார்ப்பவர் மேலே நிற்கிறார், பிள்ளை ட்ரொலியின் அடியில் கிடக்கிறது. சாமான் நிறைந்ததும் பிள்ளை மறைந்தும் போகும்.

நெதர்லாந்தின் கோர்டெய்ட் அமைப்பு 2007இல் வெளியிட்ட வரிசை வேறு மாதிரி. ஆபிரிக்கக் கிராமத்துப் பெண் ஒருத்தி நாகரிகச் சஞ்சிகைகளில் வருகிற அழகி போலக் கைப்பையோடு நிமிர்ந்து நிற்கிறாள். பக்கத்தில் இரண்டு விலைகள். கைப்பை 32 யூரோ, ஒரு கிழமைச் சாப்பாடு 4 யூரோ. அவ்வளவுதான். அந்தப் பெண் அழவில்லை, கையேந்தவில்லை. வெட்கப்பட வேண்டியவர் படத்தைப் பார்ப்பவர். கணக்கையும் அவரே செய்ய வேண்டும், ஒரு பைக்கு எட்டுக் கிழமைச் சாப்பாடு. உழைக்கிற ஒரு பெண்ணை மொடலாக நிறுத்திய நக்கல் அவளையும் கொஞ்சம் தொடுகிறதா என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் ஜெப்பின் துண்டுப்பிரசுரத்தில் இருந்து உதிர்ந்துபோன சுட்டுவிரல் இதில் திரும்பி வந்திருக்கிறது.

2012இல் நோர்வே மாணவர் உதவி அமைப்பான சாய் வெளியிட்ட காணொளி ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிரில் நடுங்குகிற பாவப்பட்ட நோர்வேக்காரருக்கு ஆபிரிக்கர்கள் வெப்பமூட்டிகளைச் சேர்த்து அனுப்புகினம், அதற்கு ஒரு நிதிதிரட்டும் பாட்டும் பாடுகினம். பார்த்துச் சிரித்த ஐரோப்பியருக்கு, தங்களை ஒருவர் இப்படி ஒற்றைப் படமாக்கினால் எப்படி இருக்கும் என்பது சிரிப்போடு உறைத்தது. இது பசிக்குப் பணம் திரட்டவில்லை. திரட்டுகிற பாணியை விமர்சித்தது. விளம்பரமே விமர்சனமாகலாம் என்பதற்கு இது சாட்சி.

எலும்பு தெரியாத பசி

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். மானம், இரக்கம் என்று இதுவரை சொன்னதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இங்கே இருக்கிறது. விலா எலும்புப் படம் பிள்ளையை அவமதிக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. அது மற்றப் பிள்ளைகளை மறைத்தும் விடுகிறது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள், 21 வீதம் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. இந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரைச் சுவரொட்டிக்குப் படம் எடுக்க முடியாது. அவர்கள் ஓடி விளையாடுவார்கள், சிரிப்பார்கள், சீருடையில் பள்ளிக்கூடம் வருவார்கள். வயிற்றில் இருந்த காலத்திலும் பிறந்து முதல் இரண்டு வருடத்திலும் கிடைக்காமல் போன சத்து, பிறகு அவர்களை ஒரு பிடி கட்டையாகவும், கரும்பலகையில் கவனம் நிற்காதவர்களாகவும், அடிக்கடி காய்ச்சல்காரராகவும் ஆக்கிவிடுகிறது. அச்சுவேலியில் நான் படிப்பிக்கும் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கினம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போன செம்மண் ஊர் இது. தோட்டத்தில் கூலிக்குப் போகிற தாய் விடிய வெளிக்கிட்டால் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வெறுந்தேத்தண்ணியும் பிஸ்கட்டும். அந்தத் தாயிடம் பிள்ளையின் போசாக்கைப் பற்றிக் கதைத்தால் என்ன சொல்லுகிறா தெரியுமோ? "ரீச்சர், என்ட பிள்ளை அந்தப் படத்தில வாற பிள்ளையள் மாதிரியே இருக்கு? தேப்பனும் கட்டைதானே."

இந்த ஒரு பதிலில் விளம்பரத்தின் தோல்வி முழுக்க இருக்கிறது. மந்தபோசணை என்றால் ஆபிரிக்காவில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பிள்ளை என்று நாற்பது வருடமாகப் படங்கள் படிப்பித்திருக்கின்றன. அந்த அளவுகோலில் எங்கட பிள்ளை எப்பவும் சுகதேகி. தாய்க்கு மட்டுமல்ல, தனவந்தருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அதிகாரிக்கும் இதே அளவுகோல்தான்.

2022இல் இதன் விளைவைப் பார்த்தோம். ஜூன் மாதத்தில் யுனிசெஃப் இலங்கையின் 17 லட்சம் பிள்ளைகளுக்காக இரண்டரைக் கோடி டொலர் கேட்டு வேண்டுகோள் விடுத்தது. பிள்ளைகள் பசியோடு படுக்கப் போகினம் என்று ஓகஸ்டில் எச்சரித்தது. சுகாதார அமைச்சோ அந்தப் புள்ளிவிவரம் 2016ஆம் ஆண்டின் பழைய கணக்கு என்று மறுத்தது. மாதக்கணக்காகப் பேச்சு கணக்கைப் பற்றியே நடந்தது. காலை ஒன்றுகூடலில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நாங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அமைச்சின் கீழுள்ள குடும்ப சுகாதாரப் பணியகம் நாடு முழுக்க நிறுத்து எடுத்த கணக்கே வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் நிறை குறைந்தவர்கள் 2021இல் 12.2 வீதம், 2022இல் 15.3 வீதம். 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்துவந்த திரிபோஷாவும் சோளம் கிடைக்காமல் தட்டுப்பட்ட காலம் அது. பசி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இராததால், அது இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்க இடம் கிடைத்தது.

ஒற்றைப் படத்தில் உண்மை முழுவதையும் தொங்கவிடுவதன் ஆபத்தைக் காஸாவும் காட்டியது. 2025 ஜூலையில் உலகப் பத்திரிகைகளில் முதற்பக்கத்தில் வந்த ஒரு பாலகனின் படத்தைப் பற்றி, அப்பிள்ளைக்கு வேறு நோயும் முன்பே இருந்தது என்று நியூயோர்க் டைம்ஸ் பின்னர் குறிப்புச் சேர்த்தது. பசியே பொய் என்று சொல்லக் காத்திருந்தவர்கள் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டினி முதலில் பிடிப்பது நோயுள்ள பிள்ளையைத்தான் என்ற எளிய உண்மை அமளியில் அமுங்கியது. ஓகஸ்ட் 22ஆம் திகதி, ஐ.நா. ஆதரவுடன் உணவுப் பாதுகாப்பை அளவிடும் அமைப்பு காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று உறுதிப்படுத்தியது. அந்த முடிவைத் தாங்கிநின்றவை பல பிள்ளைகளின் அளவுகள். ஒரு பிள்ளையின் உடம்பை நம்பி அது எடுக்கப்படவில்லை.

எந்த விளம்பரம் வேண்டும்

அளவு என்றதும் வரண்ட விஷயம் என்று நினைக்க வேண்டாம். பசி பற்றி மனிதர் செய்த படங்களில் மிகச் சிறந்த இரண்டு, அளவுகோல்கள்தான். ஒன்று, பக்தாத் மருத்துவர் ஷாகிர் 1974இல் டேவிட் மோர்லியோடு சேர்ந்து எழுதி அறிமுகப்படுத்திய கைப்பட்டி. பிள்ளையின் மேற்கையைச் சுற்றிப் பிடித்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் சொல்லும். எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கும். இன்றைய வழக்கில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைக்கு 115 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் கடும் மந்தபோசணை. மற்றது, நைஜீரியக் கிராமமொன்றில் மோர்லி வளர்த்தெடுத்த வளர்ச்சி வரைபடம். அதன் வழிவந்ததுதான் குடும்பநல உத்தியோகத்தர், எங்கட ஆட்களின் பேச்சில் மிட்வைஃப், கிளினிக்கில் புள்ளி வைத்துத் தருகிற கார்ட். அது தாயின் கையில், தாயின் அலுமாரியில் இருக்கிறது. அதில் பிள்ளையின் முகம் இல்லை, பிள்ளை போகிற பாதை இருக்கிறது. கோடு மட்டமாகப் போனாலோ கீழே சரிந்தாலோ, எலும்பு தெரிய முந்தியே அது சொல்லிவிடும். ஊர் பார்க்க அவமானமில்லை, தாய் பார்க்க மறைப்புமில்லை. அடைத்த கதவுக்கு உள்ளேயே வந்து பேசுகிற சுவரொட்டி அது.

எங்கட அமைப்புகள் அடுத்த ரமழானுக்குச் சுவரொட்டி செய்யும்போது அந்தக் கோட்டை வரையட்டும். சரிகிற கோடு ஒன்று, பக்கத்தில் ஒரு கிழமைக்கு முட்டைக்கும் பருப்புக்கும் நெத்தலிக்கும் முருங்கைக்கீரைக்கும் ஆகும் விலை, அதற்குப் பக்கத்தில் ஒரு இஃப்தார் விருந்தின் ஒரு தலைச் செலவு. யாருடைய பிள்ளையின் கண்ணீரும் தேவையில்லை, பார்ப்பவர் தானே கணக்குப் பார்ப்பார். உலர் உணவுப் பொதியைக் கொடுக்கும்போது பின்னால் பதாகை பிடித்து, வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடுகிற வழக்கத்தையும் நிறுத்தட்டும். கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பற்றுச்சீட்டைக் காட்டலாம், முகத்தை அல்ல. பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அரிசியும் சீனியும் மாவும் வயிற்றை நிரப்பும், கோட்டை நிமிர்த்தாது.

காரணத்தையும் சொல்லட்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கே உதவித்தொகை என்று இருந்தபடியால் ஒரு தாய் தன் பிள்ளையை நேரத்துக்கு முந்திப் பால் மறக்கச் செய்ததை உமர் (ரழி) கண்டார்கள் என்றும், அன்றிலிருந்து பிறந்த உடனேயே உதவித்தொகை என்று அறிவித்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் சொல்லுகின்றன. அழுகிற பிள்ளையைக் கண்டதும் அவர்கள் தன் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கூலிக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாதது, கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போவது, திரிபோஷா நின்றது, இவையெல்லாம் சுவரொட்டியில் எழுதக்கூடிய காரணங்கள்தான். ஜெப் எழுதினார், கைதானார், ஆனால் எழுதினார்.

எழுதத் தெரிந்தவர்களும் வரையத் தெரிந்தவர்களும் எங்கட சமூகத்தில் குறைவில்லை. தமிழ் படித்த பட்டதாரிகள் இருக்கினம், வடிவமைப்புப் படித்த இளைஞர்கள் இருக்கினம். அவர்களிடம் ஒரு மிட்வைஃபையும் ஒரு தாயையும் கூட்டிக்கொண்டு போய் இருத்தினால் இணையத்தில் எடுத்த அழுகிற பிள்ளையை விட நல்லதொன்று கட்டாயம் வரும். வந்தபின் அந்தத் தாயிடமே முதலில் காட்டிக் கேட்க வேண்டும், இதைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்ட அவ சம்மதிப்பாவா என்று.